சுஷிக் கடையில் மாசி வாசம்

போன டிசம்பர் லீவில கொழும்பில ஒரு சின்ன ஜப்பான் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். பெரிய ஹோட்டல் இல்ல. ஒரு குறுக்கு ரோட்டில, பார்மசிக்கும் சலூனுக்கும் நடுவுல இருக்கிற கடை. ஆறு மேசை, ஒரு நீளப் பலகை, பலகைக்கு அந்தப் பக்கம் மீன் வெட்டுறவங்க. சுத்துவட்டார ஒபிஸ்கள்ல வேலை செய்றவங்க பகல்ல வந்து, இருபது நிமிஷத்தில சாப்பிட்டுட்டுப் போறாங்க. நான் அங்க போனதுக்குக் காரணம் சுஷி இல்ல, மச்சான். என் மாமா மகன். ஓ.எல். எழுதின கையோட றொசல்ல ஸ்டேஷன்ல கோச்சி ஏறினவன், இப்ப மூணு வருஷமா அந்தக் கடைக் குசினியில வேலை.

அதுக்கு முன்னாடி நான் சுஷி பார்த்தது போன்ல மட்டும்தான். கெம்பஸ்ல யாராவது சுஷின்னு பேசினா, அது கொழும்புப் பிள்ளைகளோட சாப்பாடு, பச்சை மீன், காசுக்காரங்க விளையாட்டு என்றுதான் நினைச்சிருந்தேன். விலைப் பட்டியலைப் பார்த்ததும் அந்த நினைப்பு இன்னும் பலமாச்சு. எட்டுத் துண்டு உள்ள ஒரு தட்டோட விலை, அம்மா மலையில கொழுந்து எடுத்து வாங்குற ஒரு நாள் பேரைவிடக் கூட.

மொதல்ல ஒரு கிண்ணத்தில சூப் வந்துச்சு. வாய்கிட்ட கொண்டு போனதும் அப்படியே நின்னுட்டேன். எனக்கு நல்லாத் தெரிஞ்ச வாசம். அம்மாயி கட்டச் சம்பலுக்கு மாசி இடிக்கிறப்ப உரல்ல இருந்து வர்ற அதே புகை வாசம்.

பலகைக்கு மேலால எட்டி, "டேய், இதுல மாசி போட்டிருக்கா?"ன்னு கேட்டேன். மச்சான் சிரிச்சுக்கிட்டே உள்ள போய் ஒரு பக்கெட்டைத் தூக்கிட்டு வந்தான். ஆசாரி இழைப்புளி போட்டா விழுமே சுருள், அந்த மாதிரி, இளஞ்சிவப்பில. "இதுக்குப் பேர் கட்சுவோபுஷி. நம்ம மாசிதாண்டா. இவங்க சீவுறாங்க, நாம இடிக்கிறோம். அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' என்னை விடல்ல. லீவு முடிஞ்சு பேராதனைக்கு வந்ததும் லைப்ரரியில தேட ஆரம்பிச்சேன். சுஷி பற்றித் தேடப் போய், கடைசியில எங்க லயத்து அரிசிச் சாக்கு பற்றித்தான் அதிகம் தெரிஞ்சுக்கிட்டேன்.

ஒரே மீன்

மச்சான் சொன்னது சரிதான். மாசியும் கட்சுவோபுஷியும் ஒரே மீன். தமிழில் வரிச்சூரை என்று சொல்றாங்க, சிங்களத்தில் பலயா. செய்முறையும் கிட்டத்தட்ட ஒன்றே. மீனைக் கீறி, முள் எடுத்து, அவிச்சு, புகை போட்டு, காய வைக்கிறது. காய்ந்த பிறகு விறகுக் கட்டை மாதிரி ஆகிவிடும். ஜப்பான்காரர்கள் உயர்ந்த ரகத்துக்கு இன்னும் ஒரு வேலை செய்றாங்க. அதன் மேல் ஒரு வகைப் பூஞ்சணத்தை வளர விட்டு, வெயிலில் வைத்து, திரும்பவும் வளர விடுவாங்க. மிச்சமிருக்கும் ஈரத்தை அது உறிஞ்சிவிடும். அதற்குப் பிறகுதான் சீவ முடியும்.

ஜப்பானில் இந்தப் புகை முறை 17ஆம் நூற்றாண்டில், கிஷூ என்ற பகுதியின் மீனவர்கள் கையில் நிலைபெற்றது. ஆனால் மாலைதீவில் அதற்கு முந்நூறு வருஷத்துக்கு முன்பே மாசி இருந்ததற்குச் சாட்சி உண்டு. மொரோக்கோவில் இருந்து வந்த பயணி இபுன் பதூதா 1343இல் மாலைதீவுக்கு வந்து அங்கே நீதிபதியாக இருந்தார். அந்தத் தீவுக்காரர்கள் மீனை அவிச்சு, ஓலைக் கூடைகளில் போட்டுப் புகை பிடிக்க வைத்து, இந்தியா, சீனா, யேமன் வரைக்கும் அனுப்புவதை எழுதி வைத்திருக்கிறார். அடுத்த வருஷம் அவர் இலங்கைக்கு வந்து சிவனொளிபாதமலை ஏறினார். ஹட்டன் பக்கத்து மலைகள்ல நின்னா மழை இல்லாத காலையில தெரியுமே, அதே மலை. மாசி செய்யும் வித்தை மாலைதீவில் இருந்து கடல் வழியாக ஜப்பானுக்குப் போயிருக்கலாம் என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள்.

மாலைதீவு மாசிக்குப் பல நூற்றாண்டாகப் பெரிய சந்தை இலங்கைதான். ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில், கடலே பார்க்காத மலைக்குக் கெடாமல் வந்து சேரக்கூடிய மீன் இரண்டே வகை: கருவாடு, மாசி. லயத்துக் காம்பராவில் ஒரு துண்டு மாசி இருந்தா, ஒரு கிழமைக்குச் சம்பலுக்குக் கவலை இல்ல.

புளிச்ச சோறு

'சுஷி' என்ற சொல்லின் வேர்ப் பொருள் பச்சை மீன் இல்ல, புளிப்பு. புளிச்சது சோறு.

பழைய காலத்தில் மீனைக் கெடாமல் வைக்க உப்புப் போட்டு, அவிச்ச சோற்றுக்குள் புதைத்து, மேலே கல்லைத் தூக்கி வைத்தார்கள். மாதக் கணக்கில் சோறு புளித்து, அந்தப் புளிப்பு மீனைக் காப்பாற்றும். கடைசியில் மீனைச் சாப்பிட்டுச் சோற்றை எறிந்துவிடுவார்கள். இந்த முறை தென்கிழக்காசியாவின் வயல் நாடுகளில் தொடங்கியது என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. ஜப்பானில் பிவா ஏரிக்கரையில் இப்பவும் அப்படிச் செய்கிறார்கள். பழைய சோத்துத் தண்ணியைக் குடிச்சு வளர்ந்த நமக்குப் புளிச்ச சோற்றின் அருமையை யாரும் புதுசாச் சொல்லித் தர வேண்டியதில்ல.

பிறகு மக்களுக்குப் பொறுமை குறைந்தது. மாதக் கணக்கு வாரக் கணக்காச்சு, சோற்றையும் சேர்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். அதற்கும் பிறகு, புளிக்கும் வரை காத்திருக்காமல் சோற்றில் வினாகிரியை ஊற்றிவிட்டார்கள். 1804இல் ஹண்டா என்ற ஊரில் நகானோ மதசாயெமோன் என்பவர் சாக்கே மது வடித்த வண்டலில் இருந்து மலிவான வினாகிரி செய்யத் தொடங்கினார். அது கப்பலில் எடோவுக்குப் போனது. எடோ என்பது இன்றைய டோக்கியோ.

அந்த எடோவில் அப்போது ஏறத்தாழ பத்து இலட்சம் பேர். அதில் பெரும் பகுதி ஊரை விட்டுத் தனியாக வந்த ஆண்கள்: தச்சர்கள், சுமை தூக்குபவர்கள், கூலி வேலைக்காரர்கள். மர வீடுகள் அடிக்கடி எரியும், திரும்பக் கட்ட ஆள் வேணும். இவங்களுக்கு வீட்டில் சமைக்க ஆளும் இல்ல, நேரமும் இல்ல. அதனால் தெருவோரத் தட்டுக் கடைகள் பெருகின. ஹனாயா யோஹேய் என்பவர் 1824இல் ரியோகொகு பகுதியில் கடை போட்டார். வினாகிரிச் சோற்றைக் கையால் பிடித்து, மேலே ஒரு துண்டு மீன் வைத்துக் கொடுக்கும் முறையோடு அவர் பெயரைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். அன்றைய துண்டு இன்றையதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிது. ரெண்டு மூணு சாப்பிட்டா வயிறு நிறைஞ்சிரும், வேலைக்குப் போயிரலாம்.

இன்று விலை உச்சத்தில் நிற்கும் சூரை மீனின் கொழுப்புப் பகுதியை அன்று யாரும் மதிக்கவில்லை. பூனை கூடத் தாண்டிப் போகும் மீன் என்று ஒரு பேச்சே இருந்தது. மலிவாகக் கிடைத்ததால்தான் அந்த மீன் தட்டுக் கடைக்கு வந்தது. அந்தக் கடைகளில் சுஷி பிடிக்கிறவர் உட்கார்ந்திருப்பார், சாப்பிடுகிறவர்தான் நிற்பார். இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வருவேன்.

அதே காலத்தில் இங்கே

1824 என்ற வருஷத்தைப் படிச்சதும் என் மனசு வேற ஒரு கணக்குக்குப் போயிருச்சு. கம்பளைக்குப் பக்கத்தில் சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டதும் அந்த வருஷங்களில்தான். 2023இல் நாம 'மலையகம் 200' என்று நினைவுகூர்ந்ததும் 1823இல் இருந்து எண்ணித்தான். அங்கே ஒரு நகரத்தில் ஊரை விட்டு வந்த கூலிகளுக்காகப் பிடி சோறும் மீனும் பிறந்த அதே காலத்தில், இங்கே ஊரை விட்டு வந்த கூலிகளாக நம்ம ஆட்கள் மலை ஏறினார்கள்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். எடோக் கூலிக்காரன் கையில் காசு இருந்தது, தெருவில் கடை இருந்தது. இன்றைக்கு இந்தக் கடை, நாளைக்கு அடுத்தது என்று அவனால் தேர்ந்தெடுக்க முடிந்தது. தோட்டத்தில் அரிசி கடையில் வாங்குகிற பொருளாக இல்ல, கணக்கில் எழுதுகிற பொருளாக இருந்தது. சம்பளம் மாதக் கணக்கில் பிந்தும். அதுவரைக்கும் உயிரோடு இருக்க அரிசியைத் தோட்டம் கொடுக்கும், அல்லது கங்காணி மூலம் கிடைக்கும். சம்பள நாளில் அதைக் கழிப்பாங்க. கழிச்சது போக மிச்சம் இல்லாட்டி கடன். அந்தக் கடனை ஒரு தாளில் எழுதி, அதைக் கட்டினால்தான் அடுத்த தோட்டம் ஆளை எடுக்கலாம் என்று வைத்திருந்ததுதான் துண்டு முறை. 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது. 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோதும், காசுக் கூலியோடு குறித்த விலைக்கு அரிசி கொடுப்பதும் அதில் சேர்ந்தே இருந்தது. ஒருத்தர் எதைச் சாப்பிடுவார் என்பது அவரோட கூலிக் கணக்கில் ஒரு வரி.

அந்த அரிசி எங்கே இருந்து வந்தது? 1884இல் ஹட்டனுக்கு ரயில் வந்த பிறகு, கீழே தேயிலைப் பெட்டி போச்சு, மேலே அரிசிச் சாக்கு வந்துச்சு. றொசல்ல ஹட்டனுக்கு முந்தின ஸ்டேஷன், அந்தச் சாக்குகள் எங்க ஸ்டேஷனைத் தாண்டித்தான் போயிருக்கும். போருக்கு முன் இலங்கை தன் அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வெளியே இருந்து வாங்கியது, அதில் பெரும் பங்கு பர்மா அரிசி. அதாவது, நம்ம கொள்ளுப்பாட்டிகள் மலையில் கொழுந்து எடுத்துச் சாப்பிட்ட சோறு ஐராவதி ஆற்றுக் கழிமுகத்தில் விளைந்தது.

ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம்

எங்க அம்மாயி அவங்க அம்மா சொன்னதா ஒரு வார்த்தை சொல்லுவாங்க: 'ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம்.' கல்யாணம், பிறப்பு, சாவு எல்லாத்தையும் அதுக்கு முன்ன, அதுக்குப் பின்ன என்றுதான் கொள்ளுப்பாட்டி கணக்கு வச்சாங்களாம். சின்ன வயசுல அதைக் கேட்டு, நம்ம மலையில குண்டு விழுந்துச்சு என்றே நம்பிட்டு இருந்தேன்.

நடந்தது இது. 1942 பெப்ரவரி 15 சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8 ரங்கூன் ஜப்பான் படையிடம் போனது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை. குண்டு விழுந்தது துறைமுகங்களில். ஆனால் மலையில் விழுந்த அடி ரங்கூனில் இருந்து வந்தது. பர்மா அரிசி நின்றுபோனது.

பங்கீடு இறுகியது. அரிசி குறைந்த இடத்தைக் கோதுமை மாவு நிரப்பியது. இன்று யாராவது மலையகச் சாப்பாடு என்ன என்று கேட்டா, யோசிக்காம 'ரொட்டியும் சம்பலும்' என்று சொல்றோம். காலையில் பெரட்டுக்குப் போகும் முன் சுட்டு, துணியில் சுற்றிக் கொண்டு போற அந்தத் தடிச்ச ரொட்டியை, தாத்தா காலத்தில் இருந்து மாறாம வர்ற ஒன்று என்றுதான் நான் நினைச்சேன். அது நம்ம அன்றாடச் சாப்பாட்டில் இவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்ததில், ரங்கூன் வீழ்ந்ததுக்கும் ஒரு பங்கு இருக்கு.

இன்னொரு விஷயம். நான் படிக்கிற பேராதனையில், கெம்பஸுக்குப் பக்கத்துத் தாவரவியல் பூங்காவில்தான் 1944இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் இருந்தது. பர்மாவைத் திரும்பப் பிடிக்கும் திட்டம் அந்த மரங்களுக்கு நடுவில் தீட்டப்பட்டது. நாங்க லெக்சர் கட் பண்ணிட்டுப் போய் உக்கார்ற பூங்கா அது.

பங்கீட்டு அரிசி, ரெண்டு நாட்டிலும்

போர் ஜப்பானிய வீடுகளையும் பட்டினி போட்டது. அங்கே பெரிய நகரங்களில் 1941இலேயே அரிசிப் பங்கீடு வந்துவிட்டது: வளர்ந்த ஒருவருக்கு நாளைக்கு 330 கிராம். போர் முடிந்து தோற்ற பிறகு நிலைமை இன்னும் மோசம். 1947 ஜூலையில் அரசாங்கம் சாப்பாட்டுக் கடைகள் பெரும்பாலானவற்றை மூடச் சொல்லி உத்தரவு போட்டது. அரிசியே இல்லாத நாட்டில் கடை எதற்கு என்ற நியாயம்.

அப்போ டோக்கியோ சுஷிக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நாங்கள் சாப்பாடு விற்கவில்லை, கூலிக்கு வேலைதான் செய்கிறோம் என்றார்கள். அதாவது, ஆள் தன் பங்கீட்டு அரிசியில் ஒரு 'கோ', ஏறத்தாழ 180 மில்லிலீற்றர் அளவு, கொண்டு வந்து கொடுக்கணும். கடைக்காரர் கூலி மட்டும் வாங்கிக்கொண்டு பத்துத் துண்டு சுஷி கொடுப்பார். ஆலையில் நெல்லைக் கொடுத்துக் குத்தி வாங்குற மாதிரி. அதிகாரிகள் ஒத்துக்கொண்டார்கள், முறை நாடு முழுக்கப் பரவியது. அதற்கு முன் ஜப்பானின் ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு விதமான சுஷி இருந்தது. இதற்குப் பிறகு எடோவின் பிடி சுஷிதான் சுஷி என்றாச்சு. ஒரு ஆளுக்கு ஏறத்தாழ பத்துத் துண்டு என்ற கணக்குக்கும் இதையே காரணமாகச் சொல்றாங்க.

இதைப் படிச்சப்ப எனக்கு ரெண்டு விதமான உணர்ச்சி. ஒன்று மரியாதை. பட்டினிக் காலத்தில், ஒரு கை அரிசியோடு வந்த ஆளுக்காகத் தொழிலைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இன்னொன்று வேற. அடுத்த வருஷம், 1948இல், இங்கே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. மலையகத்தில் பெரும்பாலானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள்.

1951 செப்டெம்பர் 6, சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் இலங்கையின் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன பேசினார். இலங்கை ஜப்பானிடம் போர் நட்டஈடு கேட்காது என்றார், புத்தரின் போதனையைக் காட்டிப் பேசினார். ஜப்பானில் அந்தப் பேச்சை இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள். நல்ல பேச்சுதான், அதில் எனக்குச் சண்டை இல்ல. ஆனால் நாட்டின் பெயரால் மன்னித்த அந்த நேரத்தில், பர்மா அரிசி நின்றதால் ரொட்டிக்கு மாறின லயத்து ஆட்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்த நாட்டில் ஒரு வாக்குக் கூட இல்ல. அவங்க மன்னிச்சாங்களா என்று யாரும் போய்க் கேட்கவும் இல்ல.

பெல்ட்டில் வந்த தட்டு

சுஷி திரும்பவும் சாதாரண ஆளோட சாப்பாடானது ஒரு தொழிற்சாலைப் பட்டணத்தில். ஒசாகாவுக்குக் கிழக்கே, இன்றைய ஹிகாஷி ஒசாகாவில், ஷிரைஷி யோஷியாகி என்பவர் சின்னக் கடை வைத்திருந்தார். வந்து போனவர்கள் அக்கம்பக்கத்துப் பட்டறைத் தொழிலாளர்கள். கூட்டம் இருக்கு, பரிமாற ஆள் இல்ல, ஆள் போட்டா விலை ஏறும். ஒரு பியர் தொழிற்சாலையில் போத்தல்கள் பெல்ட்டில் ஓடுவதைப் பார்த்தார். 1958இல் தட்டுகளை பெல்ட்டில் ஓட விட்டார். வேகம் வினாடிக்கு 8 சென்ரிமீற்றர். அதைவிட வேகமா ஓடினா மீன் காய்ந்துவிடும், மெதுவாப் போனா ஆட்களுக்குப் பொறுமை போய்விடும். 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் இந்தக் கடை பேர் வாங்கியது. அதற்குப் பிறகு ஊருக்கு ஊர், சந்திக்குச் சந்தி.

இலங்கைக்கு இந்தச் சாப்பாடு எதிர்ப் பக்கமா வந்தது, மேலே இருந்து கீழே. தர்ஷன் முனிதாச 1995இல் கொழும்பில் நிஹொன்பாஷியைத் தொடங்கினார். நம்ம கடலின் சூரை மீனே முதல் தரமானது என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் மச்சான் வேலை செய்றது மாதிரியான சின்னக் கடைகள் குறுக்கு ரோடுகளுக்கு வந்தன. அங்க தட்டில இருந்த சிவப்பு மீன் நம்ம கடலோடது, ஆரஞ்சு நிற சாமன் நோர்வேயோடது. ஜப்பானிலேயே சாமனைப் பச்சையாகச் சாப்பிடும் பழக்கம் 1980களில் நோர்வே வியாபாரிகள் போய் விளம்பரம் செய்த பிறகுதான் பரவியது. 'அசல்' என்று சொல்லிக் காசு வாங்குற பல விஷயங்களுக்கு வயசு நாற்பதுதான்.

மாசி காணாமப் போன காலம்

1970களின் தொடக்கத்தில் இலங்கைக்கு அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. மாசி இறக்குமதி வெட்டப்பட்டது. மாலைதீவுக்கு அதுவரை இருந்த பெரிய சந்தை கைவிட்டுப் போனது. அதே நேரத்தில் ஜப்பானிய நிறுவனங்களின் குளிரூட்டிக் கப்பல்கள் மாலைதீவுக்கு வந்து, மீனை ஈரத்தோடயே வாங்கத் தொடங்கின. நூற்றாண்டுக் கணக்கா நம்ம உரலுக்கு வந்த மீன், திசை மாறிப் போனது.

மலையில் அதைப் பற்றி வருத்தப்படக் கூட யாருக்கும் நேரம் இருந்திருக்காது. 1973, 74இல் அரிசிப் பங்கீடு வெட்டப்பட்டு, மாவும் கிடைக்காமல், தோட்டங்களில் பட்டினிச் சாவு வந்தது. அம்மாயிக்கு அப்போ இருபது வயசு சொச்சம். அதை அவங்க 'பஞ்சம்' என்ற ஒரு சொல்லோட நிறுத்திடுவாங்க. இந்தப் பொங்கலுக்கு மட்டும் கொஞ்சம் கூடப் பேசினாங்க. அதுக்குக் காரணம் மச்சான்.

பொங்கலுக்கு வந்தவன் அந்தக் கட்சுவோபுஷிப் பக்கெட் ஒன்றைக் கொண்டு வந்திருந்தான். அம்மாயி கையில கொடுத்து, என்னன்னு கண்டுபிடிங்கன்னு சொன்னான். மூக்குக்கிட்ட கொண்டு போனாங்க. "இது மாசிதானே. எவனோ சீவிக் கெடுத்து வச்சிருக்கான்." நாங்க எல்லாரும் சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள அவங்களே சொன்னாங்க: பஞ்சத்தில மாசி இல்ல, தேங்காய் இல்ல, கடைசியில உப்பும் கொச்சிக்காயும் மட்டும் இடிச்சுச் சம்பல்ன்னு சொல்லிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாங்களாம். மாசி வாசம் கிடைக்குமான்னு கழுவாத உரல்லயே ரெண்டு மூணு நாள் இடிச்சாங்களாம். அந்த உரல் இப்பவும் எங்க இஸ்தோப்பில இருக்கு. அதில எத்தனையோ தடவை நானும் இடிச்சிருக்கேன். இருபத்திரண்டு வருஷத்தில இந்தக் கதையை ஒரு நாளும் கேட்டதில்ல. நானும் கேக்கல்ல.

யார் உட்கார்வது

2013இல் ஜப்பானியச் சாப்பாட்டு மரபை யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. தட்டுக் கடைக்காரன் பேரும், வினாகிரிக்காரன் பேரும், பெல்ட் போட்டவன் பேரும் அந்த நாட்டில் எழுதி வைக்கப்பட்டிருக்கு. 1947இல் ஒரு கோ அரிசிக்கு எத்தனை துண்டு என்பது வரைக்கும் எழுதி வைக்கப்பட்டிருக்கு. சுஷிக்கு மதிப்பு வந்தது மீன் உயர்ந்ததால மட்டும் இல்ல. பசியோடு இருந்த காலத்தையும் சேர்த்து எழுதினாங்க, கூலிக்காரன் சாப்பாடு என்பதை மறைக்காமல் பெருமையாச் சொன்னாங்க.

நம்ம பக்கம் என்ன எழுத்தில இருக்கு? செக்ரோல்ல அரிசிக்குக் கழிச்ச தொகை இருக்கு. எத்தனை புசல் இறக்குமதி என்று அரசாங்க அறிக்கையில் இருக்கு. அந்த அரிசியை எப்படிச் சமைச்சாங்க, யார் கடைசியில சாப்பிட்டாங்க, மாவு வந்த மொதல் நாள் அதை என்ன செய்றதுன்னு யார் கண்டுபிடிச்சாங்க என்பது எங்கேயும் இல்ல. அது உரல்லயும் அம்மாயிகள் வாயிலயும்தான் இருக்கு.

அன்றைக்குக் கொழும்புக் கடையில, பகல் கூட்டம் குறைஞ்ச பிறகு மச்சானுக்கு அரை மணித்தியால ஓய்வு கிடைச்சுச்சு. நாங்க பின்பக்கம் போனோம். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உக்காந்து பார்சலைப் பிரிச்சான்: சோறு, பருப்பு, கொஞ்சம் மாசிச் சம்பல். "நீ எப்பவாவது அந்தப் பலகைக்கு முன்னாடி உக்காந்து சாப்பிட்டிருக்கியா?"ன்னு கேட்டேன். "எதுக்கு? வெட்டுறப்பவே ருசி தெரிஞ்சிரும்"ன்னான். அவன் கையைப் பார்த்தேன். சோறு ஒட்டாம இருக்க வினாகிரித் தண்ணியில நனைச்சு நனைச்சு விரல் நுனி வெளுத்திருந்துச்சு. சோற்றை நசுக்காம, ஆனா உதிராமப் பிடிக்கணும், அதைப் படிக்கவே ஒரு வருஷம் போச்சுன்னான். எடோவில் இந்த வேலையைச் செய்தவர் உட்கார்ந்திருந்தார், வாங்கினவர் நின்றார் என்று அப்போ எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அவன்கிட்டச் சொல்லியிருப்பேன்.

அடுத்த லீவில திரும்பப் போவேன். ரெண்டு பேரும் அந்தப் பலகைக்கு முன்னாடி உக்காருவோம் என்று பேசி வச்சிருக்கோம், அவனோட லீவு நாள் பார்த்து, ஆளுக்குப் பாதிக் காசு போட்டு. அதுக்கு முன்னாடி அம்மாயியோட பேச்சைப் போன்ல பதிவு பண்ணி எழுதி முடிக்கணும். உங்க வீட்டிலயும் ஒரு உரல் இருக்கும், அதில இடிச்ச ஒருத்தங்க இருப்பாங்க. அரிசி போட்ட நாளைப் பற்றி, மாவு வந்த வருஷத்தைப் பற்றி, பஞ்சத்தில சம்பலுக்கு என்ன போட்டாங்க என்பதைப் பற்றிக் கேளுங்க. வயசானவங்க, சீக்கிரம் கேளுங்க.